கோழிக் கடையில் மீன் பொரித்த காலம்

என் கணவர் பதினொரு வருடம் வளைகுடா நாடொன்றில் கோழி பொரித்தார். பெரிய கடையொன்றின் பின்பக்கக் குசினியில், காலை பத்து மணியிலிருந்து நின்ற நிலையிலேயே வேலை. திரும்பி வந்தபோது இரண்டு முன்கைகளிலும் எண்ணெய் தெறித்த புள்ளிகள் இருந்தன. கொண்டுவந்த சாமான்களில் பெரியது கோழி பொரிக்கும் இயந்திரம் ஒன்று. அதை உள்ளே எடுக்க எங்கள் வாசல் போதவில்லை. ஒரு கிழமை விறாந்தையில் பழைய சேலை போர்த்தி வைத்திருந்தோம். வந்து போனவர்களெல்லாம் சேலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நுரைச்சோலைக்குக் கிட்ட, கற்பிட்டிக்குப் போகிற பாதையோரம் கடை போட்டார். ஆறு மேசை. முன்பக்கம் கண்ணாடிப் பெட்டி, பின்னால் ஒரு துணித் திரை, திரைக்கு அந்தப் பக்கம் குசினி. கோழியைத் தவிர வேறொன்றும் விற்கவில்லை. காய்ந்த கொச்சிக்காயைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, உள்ளியும் வினாகிரியும், இன்னும் அவர் யாருக்கும் சொல்லாத சில சாமான்களும் சேர்த்து அரைத்துக் கோழியில் பூசுவார். அது ஊறிய பிறகு மாவில் இரண்டு தரம் பிரட்டிப் பொரிப்பார். பொரித்தெடுத்த சூட்டோடு மேலே சிவப்புத் தூள் தூவுவார். அந்தத் தூளில்தான் கடையின் பேர் இருந்தது. ஒரு கொச்சிக்காய், இரண்டு கொச்சிக்காய், மூன்று கொச்சிக்காய் என்று மூன்று வகை உறைப்பு. மூன்றாவதைச் சாப்பிட்டு முடிப்பேன் என்று பந்தயம் கட்டிக்கொண்டு புத்தளத்திலிருந்தே பொடியன்மார் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். மூக்கால் தண்ணீர் வடிய, சிரித்துக்கொண்டு போவார்கள்.

நான் கடையின் முன்பக்கத்துக்குப் போவதில்லை. கொச்சிக்காயைக் கழுவி, காம்பு கிள்ளி, வெயிலில் காயவைப்பது வீட்டில் என் வேலை. பகல் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு பின்கதவால் போய் வைத்துவிட்டு, அதே கதவால் வந்துவிடுவேன். சில நாள் அவர் அன்றைய தூளைக் கலக்கிற நேரம் அங்கே நிற்பேன். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடி, மூக்கால் மூச்சை இழுப்பார். பிறகு கொஞ்சம் உப்போ சீனியோ போடுவார். எதையும் நிறுத்துப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அவரிடம் கதைக்கக்கூடாது. எனக்கு அது பிடிக்கும். மற்ற நேரமெல்லாம் அவசரப்படுகிற மனிசன் அந்த ஒரு நிமிசம் அமைதியாக நிற்பதைப் பார்க்கலாம்.

கொரோனா வந்த இரண்டாவது வருடம் எங்கள் இரண்டு பேருக்கும் காய்ச்சல் பிடித்தது. அவருக்குக் கடுமை. பத்து நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. எனக்கு நாலு நாள் மணமும் ருசியும் போய்விட்டுத் திரும்பி வந்தன. ஐந்தாம் நாள் காலை தேத்தண்ணியில் இஞ்சி மணத்தபோது அழுகையே வந்துவிட்டது. கதவுக்கு வெளியே நின்று அவரிடம் கேட்டேன்.

"ஒங்களுக்கும் மணம் போனதா?"

"இல்ல புள்ள. எனக்கு ஒன்டும் போகல்ல" என்றார் உள்ளே இருந்து.

நம்பினேன். ஏன் நம்பாமல் இருக்க வேண்டும்?

கடை திறக்க விட்டதும் பழையபடி போனார். இப்போது நினைத்தால் எத்தனையோ அடையாளம் இருந்தது. அடுப்பில் சோறு அடிப்பிடித்துப் புகை எழும்பும்போது, பக்கத்திலேயே இருந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார். மண்ணெண்ணெய் ஊற்றுண்ட சாரத்தை உடுத்துக்கொண்டு பள்ளிக்குத் தொழப் புறப்பட்டார். நான்தான் மறித்து மாற்ற வைத்தேன். நான் வைக்கிற கறிக்கு எப்போதும் ஒரு குறை சொல்லுகிறவர், குறை சொல்வதை நிறுத்திவிட்டார். காய்ச்சல் அவரைப் பொறுமைசாலியாக மாற்றிவிட்டது என்று நினைத்து அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

கோழியின் உறைப்புக் கூடிக்கொண்டு போனது எனக்குத் தெரியாது. நான் உறைப்புச் சாப்பிடுகிறவள் இல்லை. எனக்கு முதலில் விளங்கியது ஒரு பிள்ளையின் அழுகையால்.

நுரைச்சோலை மின்நிலையத்தில் வெல்டிங் வேலை செய்கிற ஒரு சிங்கள மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியையும் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வருவார். பிள்ளைக்கென்று தூள் தூவாத கோழித்துண்டு ஒன்று என் கணவர் தனியாகப் பொரித்துக் கொடுப்பார். அன்றைக்கு நான் சாப்பாட்டோடு பின்கதவில் நின்றேன். திடீரென்று முன்பக்கம் பிள்ளை வீரிட்டது. கதிரை விழுகிற சத்தம் கேட்டது. தாய் தண்ணி கேட்டாள், பிறகு சீனி கேட்டாள். திரையின் இடுக்கால் பார்த்தேன். பிள்ளையின் உதடு இரண்டும் வீங்கி, முகம் முழுக்கச் சிவந்து, மூச்செடுக்க முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடியது. தாய் அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள்.

தகப்பன் சத்தம் போடவில்லை. எழும்பி நின்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்.

"முதலாளி, இது சாப்பாடு இல்லை. இது தண்டனை."

அதன் பிறகு அந்தக் குடும்பம் கடைக்கு வரவேயில்லை.

"தூள் போடாத துண்டுதானே குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"பூசுற கூட்டு எப்பவும் போலதான். புள்ளைக்கு ஒடம்புக்கு ஏதோ சரியில்ல" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் எண்ணெய்த் தாச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்கள் குறைந்தார்கள். எங்கள் கடைக்கு மட்டும்தான் குறைந்தார்கள் என்றால் யோசித்திருப்போம். ஆனால் அந்த நேரம் நாடே வரிசையில் நின்றது. காஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. கோழித்தீன் இல்லாமல் பண்ணைகளில் கோழி குறைந்து, இருந்த கோழியும் எட்டாத விலைக்குப் போனது. அதனால் ஆள் குறைந்ததற்கு எல்லோரிடமும் ஒரே காரணம் இருந்தது. அவரும் அதையே சொன்னார். அந்தக் காரணத்துக்குப் பின்னால் அவரால் நன்றாக ஒளிந்துகொள்ள முடிந்தது.

பிறகு கரண்ட் வெட்டு வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் என்று கணக்கில்லை. கடை வாசலில் நின்றால் மின்நிலையத்தின் புகைபோக்கி தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே இருட்டில் இருந்தோம்.

அந்த நாளை நான் மறக்கமாட்டேன். வியாழக்கிழமை. வெயில் மண்ணைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்த நேரம். வழமைக்கு முந்தியே சாப்பாட்டைக் கொண்டுபோனேன். பின்கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. வினாகிரிக்கும் உள்ளிக்கும் அடியில், இனிப்புப் போல ஒரு நாற்றம். பிரீசர் மூடி பாதி திறந்திருந்தது. கூட்டுப் பூசிய கோழி பெரிய பேசினில் இருந்தது. கடைசியாக இருந்த காஸில் அவர் தாச்சியில் எண்ணெய் காயவைத்து, அடுத்த துண்டுகளை மாவில் பிரட்டிக்கொண்டிருந்தார். முதல் தட்டு முன்னுக்குப் போய்விட்டது.

நான் எதையும் யோசிக்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு முன்பக்கம் போனேன். கடை திறந்து அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தரம். வெங்காய லொறி ஓட்டுகிற ஒரு மனிசன் தனியாக இருந்தார். கையில் கோழித்துண்டை எடுத்திருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. தட்டைப் பிடித்து இழுத்தேன்.

"சாப்பிடாதீங்க. வேணாம். கையில இருக்கிறதையும் வைங்க."

அந்த மனிசன் பயந்துபோய்க் கையில் இருந்ததைத் தட்டில் போட்டார். என் கணவர் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு வெளி ஆளுக்கு முன்னால் நான் செய்ததைப் பார்த்து அவர் முகம் கறுத்தது.

"என்ன பைத்தியமா ஒனக்கு?"

"உள்ள வாங்க" என்றேன்.

குசினியில் பேசினை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். "மணந்து பாருங்க."

குனிந்தார். மூச்சை இழுத்தார். ஆனால் அவர் கண் கோழியில் இல்லை, என் முகத்தில் இருந்தது. தனக்கு என்ன மணக்க வேண்டும் என்பதை என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. பேசினைக் கீழே வைத்தேன்.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

அடுப்பை அணைத்தார். அரிசி மூட்டைக்கு மேல் உட்கார்ந்தார்.

"காய்ச்சலோட போனதுதான். எட்டு மாசம். பூவும் இல்ல புள்ள, சாக்கடையும் இல்ல. வாயில உப்பு இரிக்கி, புளி இரிக்கி. உறைப்பு மட்டும் தூரத்தில எரியிற நெருப்பு மாதிரி. கிட்ட வரட்டும், கிட்ட வரட்டும் எண்டு போட்டுக்கொண்டே இருந்தன்."

"என்கிட்டயாவது செல்லி இருக்கலாமே."

"மூக்கு இல்லாத குசினிக்காரன்ட கடைக்கி யாரு வருவான்? ஒன்கிட்டச் சொன்னா அது உண்மையாப் போயிரும்."

லொறிக்கார மனிசனிடம் போய், கோழி பழுதாகிவிட்டது என்று அவரே சொன்னார். மன்னிப்புக் கேட்டார். அந்த மனிசன் ஒரு கிளாஸ் தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, "சொன்னதே பெரிய விசயம் நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே கோழி முழுவதையும் கடைக்குப் பின்னால் புதைத்தோம். மணல் தரை, தோண்டுவது லேசு. நாய் கிளறாமலிருக்க இடுப்பளவு தோண்டி, மேலே கல்லும் தென்னோலையும் போட்டோம். அவர் தோண்டத் தோண்ட நான் மண்ணை இழுத்தேன். இடையில் ஒரு தரம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இதுக்கு முந்தி குடுத்ததில எதாவது கெட்டுப்போயிருந்தா?"

இன்றுவரை தெரியாது. யாரும் வந்து சொல்லவில்லை. வயிற்று வலி என்று ஒருவர் சொன்னாலும், அது அந்த வருடத்தில் எதனால் வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? அந்தக் கேள்வி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது. அதற்காக நாங்கள் செய்த துஆக்கள் இருக்கின்றன.

கடையைப் பூட்டினோம். ஒரு கிழமைக்கு மேல் அவர் பள்ளிக்குப் போவார், வருவார், கட்டிலில் கிடப்பார். மகள் கலியாணம் முடித்து மதுரங்குளியில் இருக்கிறாள். போன் எடுத்து, "வாப்பாவைத் திரும்பவும் வெளிநாட்டுக்குப் போகச் செல்லுங்க" என்றாள். குசினி வேலைக்கு எடுக்கிற இடத்தில் முதலில் ருசி பார்க்கச் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. இப்போது போலவே அப்போதும் அவளிடம் நாங்கள் முழுவதையும் சொல்லவில்லை.

வழி காட்டியது மீன்கார அக்கா என்று சொல்லலாம், ஆனால் அவர் வழிகாட்ட வரவில்லை, மீன் விற்கத்தான் வந்தார். கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். தலையில் பேசினை வைத்துக்கொண்டு எங்கள் பகுதி வீடுகளுக்கு வருவார். ஒரு நாள் பேசின் நிறைய மீனோடு வந்தார். வழமையாக ஒரு மூலையில் கொஞ்சம்தான் கிடக்கும்.

"என்னக்கா, இவ்வளவு?"

"லொறி வரேல்லத் தங்கச்சி. டீசல் இல்லை. கரைவலை இழுத்த மீன் கரையிலயே கிடக்கு. கருவாடு போடவும் உப்பு முடிஞ்சுது. எடுங்கோ, குடுக்கிறதைக் குடுங்கோ."

சூடை, பாரை இரண்டு மீனும் வாங்கினேன். பிரீசரில் வைக்கத் தேவையில்லாத சாமான், காலையில் கரைக்கு வந்து பகலில் வயிற்றுக்குள் போய்விடுகிற சாமான் என்று எனக்குத் தோன்றியது அந்த மீனைக் கழுவுகிறபோதுதான். கடையில் கொஞ்சம் கோழிக்கூட்டு, அரைத்து வினாகிரியில் போட்டு வைத்தது, போத்தலில் மிச்சம் இருந்தது. போய் எடுத்துவந்து பாரையில் பூசினேன். எண்ணெய் விலைக்கு அமிழ்த்திப் பொரிக்க வழியில்லை. ரொட்டிக் கல்லில் கொஞ்சமாக எண்ணெய் விட்டு, விறகடுப்பில் சுட்டெடுத்தேன். எனக்கு உறைப்புக் கூடத்தான். ஆனால் நன்றாக இருந்தது. உண்மையாகவே நன்றாக இருந்தது.

அவருக்கு முன்னால் பீங்கானை வைத்தேன். ஒரு துண்டு தின்றார். மெல்லும்போது மொறுமொறுப்பு மட்டும்தான் அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"எப்படி இரிக்கி?" என்று என்னிடம் கேட்டார். தான் தின்றுகொண்டே என்னைக் கேட்டார்.

"நல்லா இரிக்கி. விக்கலாம்."

"கோழிக் கடையில மீனா?"

"கோழி இல்லாட்டி மீன்தான்."

"அப்ப யாரு ருசி பாக்கிறது? மீன் பழுதா, நல்லதா எண்டு யாரு பாக்கிறது?"

"நான்தான்."

"ஊரு என்ன செல்லும்?" என்றார்.

"ஊருக்கு வயித்து வலி வந்து செல்றத விட, இது நல்லம்" என்றேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன். அவர் அதற்குப் பிறகு மறுக்கவில்லை.

இப்படித்தான் எங்கள் கடை மாறியது. காஸ் இல்லை, பின்பக்கம் கல் வைத்து சவுக்கு விறகில் எரித்தோம். பொரிக்கிற இயந்திரத்தை மதுரங்குளியில் ஒரு கடைக்காரருக்கு விற்றோம். அதை லொறியில் ஏற்றுகிறபோது என் கணவர் வீட்டுக்குள் இருந்துவிட்டார். அந்தச் சல்லியில் விறகும், அரிசியும், வண்ணாத்திவில்லுப் பக்கமிருந்து மரவள்ளிக் கிழங்கும் வாங்கினோம். காலையில் அவித்த மரவள்ளியும் கொச்சிக்காய் இடித்த கட்டைச் சம்பலும், கோழிக்கூட்டுப் பூசிப் பொரித்த சூடை மீனும். பகலைக்குச் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, ஒரு கீரை, ஒரு துண்டு பாரை. அசர் தொழுகைக்கு முன்னால் பூட்டிவிடுவோம். கரும்பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் அவரே எழுதினார்.

முதல் நாட்கள் பெரிய வெட்கம். ஆட்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள். "கோழி?" என்பார்கள். "இல்ல" என்போம். திரும்பிப் போய்விடுவார்கள். பழைய பந்தயக்காரப் பொடியன் ஒருவன் பலகையை வாசித்துவிட்டு, "கோழி கடலுக்குக் குளிக்கப் போயிட்டா நானா?" என்று கேட்டான். என் கணவர் சிரித்தார். திரைக்குப் பின்னால் வந்ததும் அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் இல்லை.

ஆனால் தோட்டத்தில் வெங்காயம் கிண்டுகிறவர்கள் வந்தார்கள். பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் நின்றவர்கள் வந்தார்கள். மின்நிலையத்து வேலைக்காரர்கள் பகல் பார்சலுக்குச் சொல்லிவைத்தார்கள். அவர்களுக்கு உறைப்பு வேண்டாம், வயிறு நிறைய வேண்டும். ஒரு மீன் துண்டும் ஒரு பிடி சோறும் ஒரு மனிசனுக்கு எவ்வளவு பெரிய விசயமாக இருக்க முடியும் என்பதை அந்த வருடத்தில் நான் அந்தத் திரையின் இடுக்கால் பார்த்தேன். பிறகு திரையையே கழற்றிவிட்டோம். விறகுப் புகை போக வழி வேண்டியிருந்தது.

எங்கள் இருவருக்கும் சண்டை வராமல் இல்லை. கூட்டில் கொச்சிக்காயைப் பாதியாகக் குறைத்தேன். அவர் கரண்டியைக் கேட்டு வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒன்டுமே இல்லையே" என்றார்.

"ஒங்களுக்கு இல்ல. திங்கிறவங்களுக்கு இரிக்கி."

"உறைப்புக்குத்தான் இந்தக் கடை. நீ ஒன்ட நாக்குக்குக் கடை நடத்துற."

"ஒங்கட நாக்குக்கு நடத்தித்தான் அந்தப் புள்ளைக்கு மூச்சடைச்சது."

சொன்ன கையோடு வருத்தப்பட்டேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய், விறகு பிளந்தார். மூன்று நாளைக்குத் தேவையான விறகை ஒரே நாளில் பிளந்தார். அடுத்த நாள் காலை கூட்டு அரைத்து முடித்ததும், கரண்டியைத் தன் வாய்க்குக் கொண்டுபோகாமல் என்னிடம் நீட்டினார். நீட்டும்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அப்படித்தான். நான் ருசி பார்த்து, "உப்புக் காணாது" என்றோ "சரி" என்றோ சொல்லும் வரைக்கும் அவர் தலை நிமிராது.

மற்றதையெல்லாம் கண்ணாலும் காதாலும் பிடித்துக்கொண்டார். எண்ணெயில் மீன் போட்டதும் எழும்புகிற சத்தம், தண்ணி வற்ற வற்ற மெலிந்துபோகும். எந்த இடத்தில் திருப்ப வேண்டும் என்பதை அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொல்வார். ஒரு நாளும் பிழைத்ததில்லை.

காலம் கொஞ்சம் சீராகியது. காஸ் வந்தது, கரண்ட் வெட்டு நின்றது, கோழியும் வாங்கக்கூடிய விலைக்கு இறங்கியது. ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு விற்க என்று பத்துக் கோழி எடுத்தார். அத்தனை நாளைக்குப் பிறகு அவர் நடையில் ஒரு அவசரம் இருந்தது. கூட்டை நான் ருசி பார்த்தேன். மாவில் பிரட்டி முதல் துண்டை எண்ணெயில் போட்டார்.

போட்டதும் பின்னால் சாய்ந்தார். யாரோ முகத்தில் அறைந்தது போல. கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கெட்டுப்போய்ட்டு! எடு, எடு. மயிர் கருகுற மாதிரி, செத்த எலி மாதிரி நாறுது."

"இல்ல. நல்ல கோழி. இன்டைக்கி அறுத்தது."

"நாறுது செல்றன்!"

வெளியே ஓடிப்போய் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தண்ணியோடு போனேன். வாயைக் கொப்பளித்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அவருக்கு மணத்திருக்கிறது. ஒன்றரை வருடத்துக்கு மேல் ஒன்றையும் பிடிக்காத மூக்கு ஒன்றைப் பிடித்திருக்கிறது. அது இப்படித்தான் வந்திருக்கிறது.

புத்தளத்தில் மூக்கு டொக்டர் ஒருவரிடம் போனோம். வயதான மனிசர், ஆறுதலாகக் கேட்டார். நரம்பு திரும்ப வளர்கிறபோது சில பேருக்கு மணம் மாறித் தெரியும் என்றார். பொரித்த இறைச்சி, கோப்பி, உள்ளி, இதெல்லாம் நாறும். சில பேருக்கு நாளாக நாளாகச் சரிவரும். சில பேருக்கு வராது. மருந்து இல்லை. காலையும் மாலையும் கராம்பு, தேசிக்காய், ஏலக்காய், ரோசாத் தண்ணி நாலையும் ஒவ்வொன்றாக மணந்து, அது எப்படி மணந்தது என்று நினைவுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

"கோழி பொரிக்கிற வேலை, டொக்டர்" என்றார் என் கணவர்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "வேற ஆள் இல்லையா பொரிக்க?" என்று கேட்டார்.

பஸ் களப்பைத் தாண்டிய பிறகு, அவர் வெளியே பார்த்துக்கொண்டே, "ஒனக்கு கூட்டு முழுசாச் செல்லித்தாறன்" என்றார்.

அடுத்த நாள் காலை குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து சொன்னார். அத்தனை வருடமாக அவர் வாயைத் திறக்காத சாமான்கள் எவை தெரியுமா? வளைகுடாவில் தேசிக்காயைக் கறுக்கும் வரை காயவைப்பார்கள். அந்தக் காய்ந்த தேசிக்காயை இடித்த தூள். கொஞ்சம் பெருஞ்சீரகம். வறுத்த மல்லி ஒரு பிடி. அவ்வளவுதான். இதையா இத்தனை காலம் மறைத்தீர்கள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அவரிடம் அளவெல்லாம் கையளவு. "கொச்சிக்காய் என்ட கையால ரெண்டு பிடி" என்றார். என் கை சின்னது. அதனால் அவரை அள்ளச் சொல்லிக் கடதாசியில் கொட்டவைத்து, திரும்ப என் கையால் அள்ளி அள்ளி, எனக்கு எத்தனை பிடி என்று எண்ணி மனதில் வைத்துக்கொண்டேன். மல்லிக்கு இரண்டு. கொச்சிக்காய்க்கு நாலு. அதில் ஒன்றை நானாகக் குறைத்தேன். அவர் பார்த்துவிட்டுக் கடதாசியை மடித்தார்.

இப்போது வெள்ளியும் சனியும் கோழி. மற்ற நாள் மீனும் மரவள்ளியும் சோறும். கோழியை நான் பொரிக்கிறேன். உதவிக்குப் பக்கத்து வீட்டு ராத்தா ஒருவர் வருகிறார், கணவர் மவுத்தான பிறகு தனியாக வேலை தேடிக்கொண்டிருந்தவர். மூன்று கொச்சிக்காய் வகையை நிறுத்திவிட்டேன். அதைக் கேட்டு வருகிறவர்களுக்குத் தூளைத் தனியாகச் சின்னப் பீங்கானில் வைத்து, வேண்டிய அளவு போட்டுக்கொள்ளச் சொல்கிறேன். சில பேர் போட்டுக்கொள்கிறார்கள். பழைய கோழி இதைவிட நல்லது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

அந்த இரண்டு நாளும் அவர் கடைக்கு வருவதில்லை. கரைக்குப் போகிறார். கரைவலை இழுக்கிற இடத்தில் மீன் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை மீனுக்கு விலை பேசி வைத்துவிட்டு, அங்கேயே அசர் வரைக்கும் இருந்துவிட்டு வருகிறார். கடல் மணம் தெரிகிறதா என்று ஒரு நாள் கேட்டேன். "தெரியல்ல. ஆனா நாறவும் இல்ல" என்றார்.

சுபஹு தொழுத பிறகு நாலு சின்னப் போத்தலையும் வரிசையாக வைத்து மணக்கிறார். நான் தேத்தண்ணி கொண்டுபோகிற நேரம் கேட்பேன். தலையை ஆட்டுவார், இல்லை என்று. ஒரு நாள் மட்டும் ஏலக்காய்ப் போத்தலை அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மூடி வைத்துவிட்டார்.

அவருக்கு மணம் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். அது பொய் இல்லை. ஆனால் கையை இறக்கிய பிறகு இன்னொரு நினைப்பும் வருகிறது. அவர் மூக்கு சரியாகிவிட்டால் நான் பழையபடி வீட்டு முற்றத்தில் கொச்சிக்காய்க் காம்பு கிள்ளிக்கொண்டு இருப்பேனா? பின்கதவால் போய், பின்கதவால் வருவேனா? காலையில் அடுப்பை மூட்டி, கூட்டை நாக்கில் வைத்து, "சரி" என்று சொல்கிற அந்த நிமிசம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. என் புருசனின் இழப்பில் எனக்குக் கிடைத்த நிமிசம் அது. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, பிறகும் பிடித்திருக்கிறது.

இரண்டையும் அல்லாஹ் அறிவான். அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.